கிரேடியண்ட் பேக்கிரவுண்டுக்கு ஃபியூஷன்: கனகாலம் பாவிச்ச அனுபவம்

வெள்ளவத்தையில இருந்து கல்யாணம், சாமத்திய வீடு வீடியோக்கள் எடிட் பண்ற ஆள் நான். டைட்டில் வேலை எல்லாத்துக்கும் டாவின்சி ரிசால்வ் எண்ட வீடியோ எடிட்டிங் சொஃப்ட்வெயருக்குள்ள இருக்கிற ஃபியூஷன் பேஜைத்தான் கனகாலமா பாவிக்கிறன், 2018ல 15ஆம் வெர்ஷனோட உள்ளுக்கு வந்தது, ஃப்ரீ வெர்ஷன்லயும் இருக்கு. பொம்பிளை மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால ஓடுற, ஒரு கலர் மெதுவா இன்னொரு கலரா மாறுற கிரேடியண்ட் பேக்கிரவுண்டுக்கு காசு குடுத்து பேக் பேக்கா வாங்குற ஆக்களைப் பார்த்தா எனக்கு விளங்கவே இல்லை, ஃபியூஷன்ல ஒரு பேக்கிரவுண்ட் நோட் (ஒரு வேலையைச் செய்யிற சின்னப் பெட்டி, அதுகளை இணைச்சுத்தான் அங்க படம் செய்யிறது) காணுமே.

அந்த நோட்ல டைப்பை கிரேடியண்ட் எண்டு மாத்தினா லீனியர், ரேடியல் எல்லாம் வரும், வியூவர்லயே ரெண்டு முனையையும் பிடிச்சு இழுக்கலாம். மெதுவா அசையோணும் எண்டா ஆஃப்செட்டுக்கு (கலரைத் தள்ளுற அளவு) கீஃப்ரேம் (நேரத்தோட அளவை மாத்துற குறி) போட்டு, ரிப்பீட்டை பிங்-பாங்ல (போய்த் திரும்பி வாறது) விடுங்க, வெறும் ரிப்பீட் போட்டா கடைசிக் கலர் முதல் கலரோட முட்டுற இடத்தில கோடு தெரியும்.

கலர்ல ஒரு விஷயம். நீலமும் மஞ்சளும் கேட்டு வருவாங்க, ரெண்டையும் அப்படியே வச்சா நடுவில செத்த சாம்பல் வரும். ஏன் எண்டா ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீல அளவு) கணக்கில 0,0,255க்கும் 255,255,0க்கும் பாதி வழி கிட்டத்தட்ட 128,128,128, அது சாம்பலேதான். கிரேடியண்ட் பட்டையில நடுவில ஒரு ரோஸ் கலரைக் குத்தி விட்டா முகமே மாறிடும். இன்டர்போலேஷனை (இடைக் கலரைக் கணக்கிடுற விதம்) எச்எஸ்விக்கு (கலர் வட்டத்தைச் சுத்திப் போற கணக்கு) மாத்தியும் பார்க்கலாம், ஆனா அது கேக்காத கலரையெல்லாம் இடையில கொண்டு வரும், எனக்கு அவ்வளவு பிடிப்பில்லை.

உண்மையான தலையிடி பட்டை பட்டையா விழுறதுதான், பேண்டிங். 8 பிட்ல ஒரு சேனலுக்கு (சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொண்டும் ஒரு சேனல்) 256 படிதான், கருநீலத்தில 20ல இருந்து 50க்குப் போற கிரேடியண்ட் எண்டா கையில இருக்கிறது 30 படி, 1920 பிக்சல் அகலத்துக்கு விரிச்சா ஒரு படி 64 பிக்சல் அகலம். லேப்டொப்ல தெரியாது, ஹோல்ல பெரிய எல்ஈடி சுவர்ல போட்டதும் மாடிப்படி மாதிரி நிக்கும். அதால நான் இமேஜ் டாப்ல டெப்தை 16 பிட் ஃப்ளோட் ஆக்கிட்டு (படி கூடும்), கடைசியில ஃபிலிம் கிரெய்ன் எண்ட பொடிப் புள்ளி கொஞ்சமே கொஞ்சம் போடுவன், படியளின்ர விளிம்பு கலைஞ்சு கண்ணுக்குத் தெரியாது. "தம்பி, படம் அழுக்கா இருக்கே" எண்டு ஒரு அன்ரி கேட்டவ, கிரெய்னை நிப்பாட்டிக் காட்டினன், பிறகு கதைக்கேல்ல.

அடோபியின்ர ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் வச்சிருக்கிற ஆக்கள் கிரேடியண்ட் ராம்ப் எண்ட எஃபெக்ட்ல ராம்ப் ஸ்கேட்டரை (புள்ளி தூவுற அளவு) ஏத்தினா அதே வேலைதான், ப்ராஜெக்ட் பேனல் அடியில 8 பிபிசி (ஒரு சேனலுக்கு 8 பிட்) எண்டு இருக்கிறதை ஆல்ட் அமத்தி க்ளிக் பண்ணி 16 ஆக்குங்க. லேயர் பழகின கைக்கு அது சுகம், உண்மைதான். ஃபியூஷன்ல நோட் பழக நாள் எடுக்கும், ரேம் குறைஞ்ச மெஷின்ல பிளேபேக் இழுக்கும், ரெண்டையும் சொல்லத்தான் வேணும்.

எக்ஸ்போர்ட்லதான் கன பேர் கோட்டை விடுறது, இவ்வளவும் செய்துட்டு குறைஞ்ச பிட்ரேட்ல எச்.264 (ஃபைலைச் சின்னதா அமத்துற ஃபோர்மட்) அடிச்சா கிரெய்ன் அழிஞ்சு பட்டை திரும்ப வந்துடும். மாஸ்டரை டிஎன்எக்ஸ்எச்ஆர் எச்க்யூஎக்ஸ்ல (தரம் பெரிசா குறையாத, ஃபைல் பெரிசா வாற ஃபோர்மட்) எடுத்து வையுங்க, எச்க்யூ இல்லை, அது 8 பிட். எல்ஈடிக்காரர் எம்பி4தான் வேணும் எண்டு நிண்டா பிட்ரேட்டையும் கிரெய்னையும் இன்னும் கொஞ்சம் கூட்டிக் குடுக்கிறன், ஹோல்ல இருட்டில ஒருத்தருக்கும் கிரெய்ன் தெரியாது.