பழைய மரப்படகுக்குப் பஞ்சா, ஃபைபரா?

ஞாயிறானால் நானும் மனைவியும் மும்பை செம்பூரிலிருந்து வெர்சோவா கடற்கரைக்குக் கிளம்பிவிடுவோம். அங்கே கரையேற்றி வைத்திருக்கும் பழைய மரப்படகின் பலகை இடுக்குகளை அடைக்க வேண்டும். கலப்பத்து அடிப்பதா, ஃபைபர் போர்த்துவதா என்பதில்தான் ஒரு மாதம் ஓடியது.

கலப்பத்து என்பது பஞ்சுத் திரியை மழுங்கிய உளியால் இடுக்கில் தட்டி இறக்கி, மேலே எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியம் பூசுவது. படகைத் தண்ணீரில் இறக்கியதும் பலகை ஊறிப் பருத்து, இடுக்கு தானே இறுகும். முதல் நாள் கசிந்தால் பதறக் கூடாது. அதற்காக அளவுக்கு மீறித் திணித்தால் ஊறும் பலகை ஆணியையே தளர்த்திவிடும். மனைவிக்குக் காதே அளவுகோல். "இன்னும் பொத்துப் பொத்துன்னு கேக்குதுங்க, இறங்கல" என்பாள். சரியாகத்தான் இருக்கும்.

ஃபைபர் என்பது கண்ணாடியிழைத் துணியை ரெசின் என்ற பிசினால் படகின் மேல் ஒட்டி மூடுவது. அப்படிப் போர்த்தினால் வருடாவருடம் இந்தத் தட்டல் இல்லை. ஆனால் மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். இங்கே மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. படகெல்லாம் கரையில்தான், ஆனால் மழையும் அப்போதுதான்! ஈரம் உள்ளே சிக்கினால் வெளியே பளபளப்பு, உள்ளே மக்கல். பாலியஸ்டர் ரெசின் மரத்தில் நாளடைவில் உரியும். எபாக்ஸி ரெசின் பிடிக்கும், பர்ஸும் காலியாகும்.

பிளைவுட் படகென்றால் யோசிக்காமல் ஃபைபர்தான். எங்களுடையது ஆணியடித்த பலகைப் படகு, பலகைகள் அசைந்துகொண்டே இருக்கும், மேலே போர்த்தியது தாங்காது. அதனால் பஞ்சு வாங்கிவிட்டோம். நேற்று ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தபோது அடிப்பலகை ஒன்றில் அரை விரல் இறங்கியது. முதலில் அதை மாற்ற வேண்டும்.