நடைபாதையில் இருக்கும் முதியவர்: காப்பகமா, பிள்ளை வீடா?

சென்னையில் 14567 முதியோர் உதவி எண்ணுக்குச் சொல்லியாயிற்று. அடுத்து எங்கே சேர்ப்பது?

மாநகராட்சிக் காப்பகத்தில் படுக்கையும் சாப்பாடும் இலவசம். ஆனால் நடமாட முடியாதவரை எல்லா இடத்திலும் எடுக்க மாட்டார்கள். முன்கூட்டியே போனில் கேளுங்கள்.

வீட்டுக்கு அனுப்புவதில்தான் அவசரம் ஆபத்து. மகனைக் கூப்பிடுமுன் பெரியவரிடம் தனியாகக் கேளுங்கள்: ஏன் வந்தீர்கள், திரும்பிப் போக மனசிருக்கிறதா? அடி, பட்டினி, சொத்தை எழுதி வாங்கிக்கொண்டார்கள் என்று பதில் வந்தால் காப்பகமே சரி. மறதி நோயில் வழி தவறியவருக்கு, பழகிய வீடே நல்லது. சட்டையின் உள்பக்கம் பெயரும் போன் நம்பரும் தைத்துவிடச் சொல்லுங்கள்.

காப்பகத்தில் இருந்தபடியே பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்கலாம். இது பலருக்குத் தெரியாமலே போகிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, 60 வயதானவர் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். முடியாதவருக்காக அவர் ஒப்புதலோடு வேறொருவர் கொடுக்கலாம். நோட்டீஸ் சேர்ந்த 90 நாளுக்குள் முடிவு வர வேண்டும்.

வீடுதான் என்றால், பாரம் முழுக்க மருமகள் தலையில் விழக்கூடாது. விழுந்தால் பெரியவர் மறுபடி தெருவுக்கு வருவார். ராத்திரி எழுந்து பார்ப்பது யார், டயப்பர் செலவு யாருடையது என்பதை எல்லாப் பிள்ளைகளையும் உட்காரவைத்து எழுதி வாங்குங்கள்.