10-ஆம் வகுப்போடு நின்றவர்களுக்கு: நியாஸா, பிபிபியா?

டெல்லி திரிலோக்புரியில் வீட்டு வேலைக்குப் போகும் நம் பெண்கள் பலர், கல்யாணமாகிப் பிள்ளைகள் வளர்ந்தபின் “டிகிரி படிக்க முடியுமா?” என்று கேட்கிறார்கள். முடியும். வழி இரண்டு: ஒன்று, இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) நடத்தும் பிபிபி (BPP); மற்றொன்று, நியாஸ் (NIOS) என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக 12-ஆம் வகுப்பு.

இக்னோவின் பிபிபி, பட்டப்படிப்புக்கு முந்தைய ஆறு மாத ஆயத்தப் படிப்பு. 12-ஆம் வகுப்பு வேண்டாம், 18 வயது நிரம்பியிருந்தால் போதும். கணிதம், சமூக அறிவியல், வணிகவியல் என்ற மூன்றில் இரண்டு பாடம் தேறினால் இக்னோவிலேயே பி.ஏ. மாதிரியான படிப்பில் சேரலாம். வேகம்தான் இதன் பலம்.

ஆனால் இது 12-ஆம் வகுப்புக்குச் சமமில்லை. நாளை ஊர் திரும்பி பட்டம் கேட்கும் தமிழ்நாட்டு அரசு வேலைக்கு மனுப் போட்டால், 10, 12, பட்டம் என்ற வரிசை கேட்பார்கள். பிபிபி வழியாக வந்த பட்டம் அங்கே நிற்காது. பலருக்கு இது பட்டம் வாங்கிய பிறகுதான் தெரிகிறது. என் மனதை வாட்டுவது அதுதான்.

நியாஸில் 12-ஆம் வகுப்புக்கு ஐந்து பாடம். அவசரமில்லை: ஐந்து ஆண்டு அவகாசம், ஒவ்வொரு பாடமாகக்கூட முடிக்கலாம். தேறிய பாடம் கணக்கில் நிற்கும். கையில் வருவது முழுமையான 12-ஆம் வகுப்புச் சான்றிதழ். எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பிக்கலாம்.

அக்கா, தங்கச்சி யார் கேட்டாலும் நியாஸைத்தான் சொல்வேன். அறிவுக்காக மட்டும் படிக்கும் பெரியவர்களுக்கு பிபிபி தாராளம்.