மாத வாடகையா, மொத்தத் தொகை லீஸா? வீட்டு உரிமையாளர் பார்வையில் ஓர் ஒப்பீடு

சென்னையிலும் அதன் புறநகர்களிலும் காலியாகும் வீட்டை என்ன செய்வது என்று யோசிக்கும் உரிமையாளரின் முன் பெரும்பாலும் இரண்டு வழிகள் இருக்கின்றன. அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு மாத வாடகைக்கு விடுவது ஒன்று. பத்து, பதினைந்து லட்சத்தை மொத்தமாகப் பெற்றுக்கொண்டு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு வாடகையே இல்லாமல் லீசுக்கு விடுவது மற்றொன்று. மாதாமாதம் வாடகை கேட்டு நிற்க வேண்டாம், கையில் பெரிய தொகை வந்துவிடும் என்பதால் இரண்டாவது வழியைப் பலர் வருமானமாகவே கருதுகிறார்கள். உண்மையில் அது கடன். கொடுப்பவர் வங்கிக்குப் பதிலாகக் குடியிருப்பவர், வட்டி நீங்கள் இழக்கும் வாடகை; இந்தக் கோணத்தில் பார்த்தால்தான் இரண்டையும் நேர்மையாக ஒப்பிட முடியும்.

மாதம் 15,000 ரூபாய் வாடகை கிடைக்கக்கூடிய ஒரு வீட்டை 15 லட்சத்துக்கு லீசுக்கு விடுவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு இழக்கும் வாடகை 1,80,000 ரூபாய், அதாவது 15 லட்சத்துக்கு 12 சதவீத வட்டி. அதே தொகையை 7 சதவீத வட்டியில் வைப்புநிதியில் போட்டால் கிடைப்பது 1,05,000 ரூபாய்தான். வரியைச் சேர்த்துப் பார்த்தாலும் நிலைமை மாறாது. வாடகை வருமானத்தில் செலுத்திய வீட்டுவரியைக் கழித்து, எஞ்சியதில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று எந்த ரசீதும் காட்டாமல் கழித்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது, வைப்புநிதி வட்டிக்கு அப்படி ஒரு கழிவு கிடையாது. ஆகவே லீஸ் தொகையை வங்கியில் போட்டு வட்டி வாங்கப் போகிறவர் தெரிந்தே நட்டப்படுகிறார். 18, 24 சதவீதத்துக்கு வாங்கிய கடனையோ நகைக்கடனையோ அடைப்பதற்கென்றால் கணக்கு தலைகீழாகும், அப்போது லீஸ் புத்திசாலித்தனமான முடிவுதான். 9 சதவீத வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்க 12 சதவீதத்தில் லீஸ் தொகை வாங்குவது மட்டும் எனக்கு இன்றுவரை புரியாத கணக்கு.

ஆண்டு வாடகையை லீஸ் தொகையால் வகுக்கும் இந்தக் கணக்கை ஒவ்வொருவரும் தம் வீட்டுக்குச் செய்துகொள்ள வேண்டும். ஒரு தெருவில் 12 சதவீதமாக வருவது இன்னொரு பகுதியில் 9 ஆகவும் இருக்கலாம். லீஸ் தொகை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு அப்படியே நிற்கும், வாடகையோ ஆண்டுதோறும் உயர வாய்ப்புள்ளது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சட்டப் பாதுகாப்பைப் பொறுத்தவரை, உரிமையாளருக்கு வாடகையே தெளிவான பாதை. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. எழுத்துவழி ஒப்பந்தம் செய்து, அதை 90 நாட்களுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அது. பதினோரு மாத ஒப்பந்தம் என்பதால் எதுவும் தேவையில்லை என்ற பழைய நம்பிக்கை இங்கே செல்லாது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்ற விதி வேறு, இது வேறு. இரண்டு மாத வாடகையைப் பாக்கி வைத்து, கேட்பு அறிவிப்பு கொடுத்த பிறகும் ஒரு மாதத்துக்குள் கட்டாத வாடகைதாரரை வெளியேற்றக் கோரி வாடகை நீதிமன்றத்தை அணுகலாம். ஒப்பந்தம் முடிந்த பிறகும் காலி செய்யாதவரிடம் இரு மடங்கு வாடகையை இழப்பீடாகக் கேட்கலாம். ஆனால் தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டித்து நெருக்குதல் கொடுப்பதற்குச் சட்டத்தில் தடை உண்டு, கோபத்தில் அதைச் செய்பவர் தம் வழக்கைத் தாமே கெடுத்துக்கொள்கிறார். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகையே அட்வான்சுக்கு உச்சவரம்பு.

லீஸ் நடைமுறையில் பெரும்பாலும் குறைந்த மதிப்புள்ள முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திடும் அளவில் முடிந்துவிடுகிறது. பணத்துக்கு ஈடாக வீட்டின் அனுபவத்தை ஒப்படைப்பது தன்மையில் போக்கியம், அதாவது சுவாதீன அடமானம். 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி, 100 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள அத்தகைய அடமானம் பதிவுப் பத்திரத்தின் மூலமே செல்லும். பதிவு செய்தால் முத்திரைத்தீர்வைச் செலவு உண்டு, வில்லங்கச் சான்றிலும் அது ஏறிவிடும். செய்யாவிட்டால் தகராறு வரும்போது இரு தரப்பிடமும் உறுதியான ஆவணம் இராது. வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக்கடன் இருந்தால், வங்கியின் எழுத்துவழி இசைவு பெறாமல் போக்கியம் வைப்பது கடன் நிபந்தனையை மீறுவதாகவே பெரும்பாலும் முடியும்.

தொகையை ரொக்கமாக வாங்கும் பழக்கம் இன்னும் ஆபத்தானது. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனாகவோ வைப்பாகவோ ரொக்கத்தில் பெற்றால், பெற்ற தொகைக்குச் சமமான அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடமிருக்கிறது. திருப்பிக் கொடுப்பதையும் வங்கி வழியாகவே செய்ய வேண்டும். வாடகை வாங்கவில்லை, ஆகவே வரியும் இல்லை என்பதும் சரியல்ல. வீட்டுச் சொத்தின் வருமானம் அது ஈட்டக்கூடிய நியாயமான வாடகையை வைத்தும் கணிக்கப்படுகிறது.

பராமரிப்பில் வேறுபாடு குறைவு. சுவர், குழாய், வயரிங் போன்ற பெரிய வேலைகள் உரிமையாளருடையவை. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கடை அடைப்பு போன்றவை குடியிருப்பவருடையவை. சட்டத்தின் அட்டவணையே இப்படித்தான் பிரிக்கிறது, லீஸ் பத்திரத்திலும் இதையே எழுதிக்கொள்ளலாம்.

வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பவர்கள் லீஸை விரும்புவதற்குக் காரணம் புரிகிறது. அதற்காக இடையில் ஒரு நிறுவனத்தை நுழைய விடுவதில் எச்சரிக்கை தேவை. உரிமையாளரிடம் மாத வாடகைக்கு எடுத்து, அவருக்கே தெரியாமல் அதே வீட்டை வேறொருவருக்கு லட்சக்கணக்கில் லீசுக்கு விட்டுவிட்டு மறைந்துபோன மோசடிகள் சென்னையில் நடந்திருக்கின்றன. வீட்டில் குடியேறப் போகிறவரின் பெயரிலேயே ஒப்பந்தம் இருக்க வேண்டும், உள்வாடகைக்குத் தடை எழுத்தில் இருக்க வேண்டும்.

வாடகையில் அட்வான்ஸைத் திருப்புவது ஒரு மாதத்துக்குள் முடிகிற சிறு வேலை. லீஸில் பதினைந்து லட்சத்தை ஒரே நாளில் எடுத்து வைக்க வேண்டும். செலவழித்துவிட்டவர் அடுத்து வருபவரின் பணத்தை நம்பியிருப்பார், அது கிடைக்கும்வரை பழையவர் சாவியைத் தரமாட்டார், போக்கியமாக இருந்தால் அப்படி இருக்க அவருக்கு உரிமையும் உண்டு. எனவே லீஸைத் தேர்ந்தெடுப்பவர் மூன்று மாத முன்னறிவிப்பைப் பத்திரத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பணத்தை வங்கி வழியே செலுத்துவதும் சாவியைப் பெறுவதும் ஒரே நாளில் நடக்க வேண்டும். போக்கியம் பதிவாகியிருந்தால் அடமானம் தீர்ந்ததற்கான ரசீதையும் பதிவு செய்து, அது வில்லங்கச் சான்றில் ஏறியதைப் பார்த்த பிறகே அடுத்தவருக்கு வீட்டைக் காட்டலாம்.