தொங்கும் பையா, தாங்கியில் நிற்கும் பையா?

ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 போன்று பின்புறம் இரட்டை ஷாக் அப்சார்பர் கொண்ட வண்டிக்குத் தோல் பக்கப்பை வாங்கச் செல்பவர்கள் முதலில் தோலைத்தான் தடவிப் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். வண்டியில் பையை எப்படிப் பிணைக்கப்போகிறோம் என்பதை முடிவு செய்த பிறகே தோலைத் தேர்ந்திருக்க வேண்டும் என்பது பிறகுதான் புரிந்தது.

இரண்டு பைகளையும் அகலமான வாரால் இணைத்து, பின் இருக்கைக்கு அடியில் குறுக்கே போட்டுத் தொங்கவிடுவது எளிய முறை. துளையிடவோ வெல்டிங் வைக்கவோ தேவையில்லை. பயணம் முடிந்ததும் கழற்றி வைத்துவிடலாம். இடப்பக்கத்தில் இதற்குச் சிக்கல் குறைவு. பின்னால் அமர்பவரின் சேலை சக்கரத்தில் சிக்காதிருக்கப் பொருத்தப்படும் சேலைக் கம்பி, பை உட்புறமாகச் சாய்ந்து சக்கரத்தைத் தொடாதபடியும் தடுத்துவிடுகிறது. வலப்பக்கத்தில் அந்தக் கம்பியும் இல்லை, போதாக்குறைக்குக் கீழே சைலென்சர் வேறு இருக்கிறது. சாரலில் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பெரும்பாலும் முதல், இரண்டாம் கியரிலேயே ஏறி முடித்து இறங்கிப் பார்த்தபோது, எனது வலப்பையின் அடிமூலை சுட்ட அப்பளத்தின் ஓரம்போலச் சுருண்டு கெட்டிப்பட்டிருந்தது. சைலென்சருக்கு மேலே நான்கு விரல் இடைவெளி இருப்பதை அளந்துதான் புறப்பட்டிருந்தேன். ஆனால் காலிப் பையை வைத்து அளந்தேன், சுமை ஏறியதும் வார் இறங்கிவிடும் என்பதை யோசிக்கவில்லை.

இரும்புக் கம்பியை வளைத்துச் செய்த தாங்கியில் பையை வாரிட்டு இறுக்குவது மற்றொரு முறை. பை ஆடாது, சக்கரத்தின் பக்கம் சாயாது, சுமை கூடினாலும் சைலென்சரை நோக்கி இறங்காது. வண்டியின் மாடலுக்கென்றே செய்யப்பட்ட தாங்கி கிடைத்தால் அதையே வாங்குவது நல்லது. பட்டறையில் சொல்லிச் செய்பவர்கள் ஒன்றைக் கவனித்தாக வேண்டும்: ஷாக் அப்சார்பரின் மேல் போல்ட்டு சேஸிஸோடு அசையாமல் நிற்கிறது, கீழ் போல்ட்டோ ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரத்தோடு ஏறி இறங்குகிறது. இவ்விரண்டையும் ஒரே கம்பியால் இணைத்துவிட்டால் ஷாக் அப்சார்பர் வேலை செய்யாது, அல்லது சில நாட்களில் வெல்டிங் விட்டுப்போகும். தாங்கியின் கீழ்முனை சேஸிஸிலோ, சேஸிஸோடு இணைந்த பின்கால்மிதியின் பிடிப்பிலோதான் அமர வேண்டும்.

தோலின் தேர்வு இதற்குப் பிறகுதான் வருகிறது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடும் மரபு திண்டுக்கல், ஈரோடு, திருச்சிப் பக்கங்களில் நெடுங்காலம் தழைத்தது. அவ்வகைத் தோல் விறைப்பாக நின்று வடிவம் காப்பதால், பின்பலகையின் துணையின்றித் தொங்கும் பைக்கு அதுவே ஏற்றது. ஆனால் நனைந்த நிலையில் அது ஏறக்குறைய 75 முதல் 85 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே சுருங்கத் தொடங்கிவிடும். குரோமிய உப்பால் நன்கு பதனிட்ட குரோம் தோல் 100 டிகிரி வரை தாங்கும். பட்டையால் பதனிட்ட தோலாலான என் பை சாரலில் நனைந்து சுருண்டதற்குக் காரணம் இதுதான். குரோம் தோல் துவளக்கூடியது என்றாலும், தாங்கியில் கட்டும்போது வடிவத்தைத் தாங்கி பார்த்துக்கொள்வதால் அது ஒரு குறையாகாது. எதுவானாலும் மழைநீரை முழுமையாகத் தடுக்காது. உள்ளே பிளாஸ்டிக் உறை ஒன்று அவசியம். நனைந்த தோலை நிழலிலேயே உலர்த்த வேண்டும்.

ஆண்டுக்கு ஓரிரு பயணம் மட்டும் செல்பவருக்குத் தொங்கும் பை போதும். வலப்பையில் துணிமணிகளை மட்டும் வைத்து, வாரை ஒரு துளை குறைத்து இறுக்கிக்கொண்டால் சரி. மாதந்தோறும் வெளியூர் ஓட்டுபவருக்கும் மலையேறுபவருக்கும் தாங்கியையும் குரோம் தோலையுமே சொல்வேன். பை இல்லாத நாட்களில் வெறும் கம்பி துருத்திக்கொண்டிருப்பது பார்வைக்கு நன்றாக இல்லைதான். அதை நான் பொறுத்துக்கொண்டேன். எதை மாட்டினாலும் பைகளை நிரப்பி, வண்டியில் ஏறி அமர்ந்து, பின்னால் பத்தடி தள்ளி ஒருவரை நிற்கவைத்து இரு இண்டிகேட்டர்களும் மறைவின்றித் தெரிகின்றனவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முடுக்குங்கள்.