கோணல் கல் தளம்: ஒரு மழைக்காலம் தாண்டிய பிறகு

ஒழுங்கில்லாத வடிவக் கற்களைப் பொருத்திப் போட்ட தளம் எப்படி வந்திருக்கிறது என்று கேட்பவர்களிடம் நான் நாற்காலியைத்தான் காட்டுகிறேன். பின்பக்கத் தோட்டத்தில், தீ மூட்டிக் குளிர்காயும் கணப்புக் குழியைச் சுற்றி, அந்தத் தளத்தின்மேல் ஆறு நாற்காலிகள். ஐந்து ஆடாமல் நிற்கின்றன. ஆறாவது ஆடுகிறது. அது எங்கள் வீட்டுக்காரர் உட்காருவது. பேச்சு சூடானால் இன்னும் கொஞ்சம் ஆடும். ஒன்றுபோல் ஒன்று இல்லாத கல், மேலெல்லாம் மேடுபள்ளம். அதில் ஆறுக்கு ஐந்து மோசமில்லை.

வேலை செய்தவர்களின் பெயரைப் போடவில்லை. குறைகளை நேரிலேயே சொல்லியாயிற்று. ஆள் வைத்து இந்த வேலையைச் செய்யப்போகிறவர்கள் எந்த நாளில் பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளட்டுமே என்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் கேட்டது 5 மீட்டர் குறுக்களவுள்ள வட்டம், நடுவே 1.2 மீட்டரில் குழி. குழியைக் கழித்தால் சுமார் 18.5 சதுர மீட்டர் தளம். கல் மணற்கல், 5 சென்டிமீட்டர் கனம். இந்தக் கனத்தில் ஒரு சதுர மீட்டர் ஏறக்குறைய 120 கிலோ வரும். அப்படியென்றால் மொத்தம் 2 டன்னுக்கு மேல். மேஸ்திரி இதைச் சொன்னபோது நான் நம்பவில்லை. லாரி வந்து இறக்கியதும் நம்பினேன்.

குழியை வீட்டுக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்பது என் ஆசை. மேஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை. சுவர், வேலி எதுவானாலும் 3 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், மேலே கிளை தொங்கக் கூடாது என்றார். சில இடங்களில் விதி இதைவிடக் கூடுதல் தூரம் கேட்கும், அதைத் தனியாக விசாரித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். நான் ஆசையாகச் சேர்த்து வைத்திருந்த ஆற்றுக் கூழாங்கற்களைக் குழிக்கு விளிம்பாக வைப்பதற்கும் தடை. உள்ளே ஊறிய தண்ணீர் சூட்டில் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் கல்லை வெடிக்கவைத்துவிடும். அதனால் உள்சுவருக்குச் சூடு தாங்கும் தீச்செங்கல், அதற்குள் ஓர் இரும்பு வளையம், அடியில் தண்ணீர் இறங்க ஜல்லி. கூழாங்கற்கள் இப்போது பூந்தொட்டியில் இருக்கின்றன.

முதல் இரண்டு நாளும் தோண்டினார்கள், கொட்டினார்கள், தட்டினார்கள். ஒரு கல்கூட வைக்கவில்லை. எனக்கோ எரிச்சல். 20 சென்டிமீட்டர் ஆழம் தோண்டி, மண்ணும் ஜல்லியும் கலக்காதபடி ஒரு துணியை விரித்தார்கள். அதன்மேல் தூளோடு கலந்த ஜல்லி 12 சென்டிமீட்டர். ஒரே அளவு ஜல்லி போட்டால் உருண்டுகொண்டே இருக்குமாம். தூள் இருந்தால்தான் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். அதையும் மொத்தமாகக் கொட்டாமல் இரண்டு அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் தண்ணீர் தெளித்து பிளேட் காம்பாக்டர் என்ற, அதிர்ந்து அதிர்ந்து இறுக்கும் மெஷினால் தட்டினார்கள். மேலே 3 சென்டிமீட்டர் சிப்ஸ், அதாவது பொடி ஜல்லி, அப்புறம்தான் கல். தண்ணீர் வழிய வாட்டம் மீட்டருக்கு 2 சென்டிமீட்டர், வீட்டுக்கு எதிர்ப்பக்கமாக. தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் பிடித்துத்தான் பார்த்தார்கள். ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் 10 சென்டிமீட்டர் வித்தியாசம், ஆனால் உட்கார்ந்தால் தெரிவதே இல்லை. மழைக்காலம் முழுக்கப் பார்த்துவிட்டேன், எங்கும் தண்ணீர் தேங்கவில்லை, ஒரு கல்லும் இறங்கவில்லை. அந்த இரண்டு நாள் முணுமுணுத்ததை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

தோண்டிய மண் விஷயத்தை மட்டும் வாபஸ் வாங்க மாட்டேன். கிட்டத்தட்ட 4 கன மீட்டர் மண், அள்ளியதும் பொதபொதவென்று இன்னும் பெருகும். அதை வேலியோரம் குவித்துவிட்டு, "அது நம்ம கணக்குல இல்லக்கா" என்றார்கள். வேலை பேசும்போதே கேட்டிருக்க வேண்டும். நீங்கள் கேட்டுவிடுங்கள்.

மூன்றாம் நாள் கல் வைக்கத் தொடங்கினார்கள், எனக்கு வீட்டுக்குள் வேலையே ஓடவில்லை. மேஸ்திரி முதலில் எல்லாக் கல்லையும் புல்மேல் பரப்பிவிட்டு அவற்றுக்கு நடுவில் சும்மா நடந்தார். பெரிய கற்களை எடுத்து வெளி விளிம்புக்கு ஒதுக்கினார், ஓரத்தில் சின்னக் கல் இருந்தால் மிதிபட்டு முதலில் கழன்றுவிடும் என்று. நாற்காலிக் கால் விழும் இடத்துக்கும் பெரியதுதான். சின்னத் துண்டுகள் இடைவெளிக்கு. உதவிக்கு வந்த பையன் ஒரு மூலையில் நான்கு கல்லைச் சேர்த்து வைத்தான். மேஸ்திரி தூரத்திலிருந்தே, "அங்க பிளஸ் விழுது பாரு, மாத்து" என்றார். மூன்று கல் ஒரு புள்ளியில் சேரலாம், நான்கு சேர்ந்தால் கண் அங்கேயே போய் நிற்கும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள சந்து நீளமாக ஒரே கோடாக ஓடினாலும் அதே கதைதான். இதைக் கேட்டபின் எந்தத் தளத்தைப் பார்த்தாலும் எனக்கு முதலில் பிளஸ்தான் தெரிகிறது. அவருக்கு நன்றி சொல்வதா திட்டுவதா தெரியவில்லை.

ஒரு கல்லை மட்டும் சொல்கிறேன். கிட்டத்தட்ட ஆமை வடிவத்தில், இரண்டு பேர் தூக்கும் கனம். வைத்து, ரப்பர் சுத்தியலால் நான்கு ஓரமும் தட்டினார். மூன்று பக்கம் 'தம்' என்று அடங்கிய சத்தம், நாலாவது பக்கம் 'டொக்'. பார்த்தால் மட்டமாகத்தான் இருந்தது, ஏறி நின்றாலும் அசையவில்லை. "அடியில காத்து இருக்கு" என்று கடப்பாரையால் நெம்பித் தூக்கி, ஒரு கைப்பிடி சிப்ஸைப் போட்டு விரலால் பரப்பி, மறுபடி இறக்கினார். மறுபடியும் 'டொக்'. இன்னொரு அரைப்பிடி. இப்படி நாலு தடவை. நாலாவது தடவை சத்தம் மாறியது எனக்கே கேட்டது. அன்று மாலை அவர்கள் போனபிறகு நானே ரப்பர் சுத்தியலை எடுத்துக்கொண்டு வட்டம் முழுக்கத் தட்டிப் பார்த்தேன். மேஸ்திரி வைத்த இடம் முழுக்க 'தம்'. பையன் வைத்த பக்கத்தில் ஒன்றே ஒன்று 'டொக்'. அதுதான் ஆறாவது நாற்காலி.

வெட்டும் வேலையில் ஒரு பாராட்டும் ஒரு சண்டையும் உண்டு. கல்லின் அடிப்பக்கம் கிரைண்டரால் ஆழமாகக் கோடு கீறி, சுத்தியலால் உடைத்து, மேல் விளிம்பை உளியால் கொத்திவிட்டார்கள். மெஷின் வெட்டிய நேர்க்கோடு எங்கும் தெரியவில்லை. ஆனால் பையன் முகமூடி இல்லாமல், தண்ணீர் விடாமல் உலர்வெட்டாக வெட்டினான். மணற்கல்லில் இருப்பது பெரும்பாலும் சிலிக்கா; அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்ப வராது, சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்தால் குணமும் ஆகாது. நான் சத்தம் போட்ட பிறகுதான் ஹோஸ் பைப்பும் முகமூடியும் வந்தன. இது வீட்டுக்காரர்கள் சொல்லி நடக்கவேண்டிய காரியமா?

கடைசி நாள்தான் கெடுத்தார்கள். சந்துகளில் பாலிமர் மணல் போட வேண்டும். மணலோடு பசை கலந்திருக்கும், தண்ணீர் பட்டதும் இறுகும். போடும்போது கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், மேலே ஒட்டிய தூளை முழுக்க ஊதித் தள்ள வேண்டும், அப்புறம் ஒரு நாளாவது மழை கூடாது. வானமோ கருத்திருந்தது. நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றேன். அடுத்த வேலைக்குப் போகவேண்டிய அவசரம், பெருக்கினார்கள், தெளித்தார்கள், போய்விட்டார்கள். இரவே மழை. காலையில் பாதிச் சந்துகள் குழிந்து கிடந்தன. மிச்சம் இருந்த தூள் கல்மேல் வெள்ளைப் படலமாகப் பிடித்திருந்தது. மூன்று தடவை போன் செய்தபின் வந்து சந்துகளைச் சரிசெய்தார்கள், அதற்குத் தனியாகக் கேட்கவில்லை. வெள்ளைப் படலத்தை நான் வெந்நீர் ஊற்றி பிரஷால் தேய்த்தேன். முக்கால்வாசி போயிற்று.

இன்னொன்று, குழியை ஒட்டிய முதல் வரிசைச் சந்திலும் அதே மணலைப் போட்டுவிட்டார்கள். ஏழெட்டு முறை தீ மூட்டியதும் அங்கே மட்டும் கருத்து, தொட்டால் உதிர்கிறது. அந்த வரிசையில் வெறும் சிப்ஸ் போட்டிருந்தால் போதும். இப்போது நானே கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்துவிட்டு சிப்ஸ் நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். மேஸ்திரிக்கு மட்டும் என்றால் நாலரை. கல் வைப்பதற்கு இவர்களையே மறுபடி கூப்பிடுவேன், சந்து நிரப்பும் நாளை மட்டும் வானிலை பார்த்து நானே குறிப்பேன். ஆறாவது நாற்காலிக்கு அடியிலுள்ள கல்லைச் சரிசெய்து தருவதாக மேஸ்திரி சொல்லியிருக்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை என்று சொன்ன ஞாயிற்றுக்கிழமைகள் இதுவரை இரண்டு போயாயிற்று.