சாம்பிளுக்கு ஒரு சரக்கு, பெட்டிக்கு வேறு சரக்கு: 14,800 ரூபாய் போச்சு

சமூக ஊடகத்தில் பக்கம் நடத்தி, வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து, கூரியரில் சிகார் அனுப்பும் ஒரு விற்பனையாளரிடம் 14,800 ரூபாயைப் பறிகொடுத்துவிட்டோம். நேற்று இரவு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். இந்த நேரத்திலும் வேறு யாரோ அவரிடம் விலை கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்பதால் சூட்டோடு எழுதுகிறேன். எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

நண்பர்கள் நான்கு பேர், ஆளுக்கு 3,700 போட்டு, 20 சிகார் கொண்ட ஒரு பெட்டி வாங்கினோம். ஒன்று 740 ரூபாய் ஆகிறது. கையால் சுற்றிய இறக்குமதி சிகாருக்கு இங்கே அது குறைந்த விலைதான், ஆனால் நம்ப முடியாத விலை இல்லை. நிகராகுவா சரக்கு என்றார். கியூபப் புரட்சிக்குப் பிறகு அங்கிருந்து வெளியேறிய புகையிலைக்காரர்கள் பலர் நிகராகுவா, ஹோண்டுராஸ், டொமினிக்கன் குடியரசு என்று போய்த் தொழிலை ஊன்றினார்கள். அதனால் நிகராகுவாவின் எஸ்தெலி ஊர்ப் பக்கத்தில் சுற்றும் சிகார்களில் பல, கியூபப் பெயருக்குக் கொடுக்கும் விலையில் பாதிக்கும் கீழே நல்ல தரத்தில் கிடைக்கும். இந்த விஷயம் தெரிந்தவர்களைக் குறிவைத்துத்தான் அவர் பேசுகிறார்.

நம்பிக்கை வந்த இடத்தைச் சொல்கிறேன். "உடனே பெட்டி எடுக்காதீங்கண்ணா. ஒண்ணே ஒண்ணு வாங்கிக் குடிச்சுப் பாருங்க, பிடிச்சா மட்டும் பேசலாம்" என்றார். எந்த ஏமாற்றுக்காரன் இப்படிச் சொல்வான்? ரொபஸ்டோ என்ற அளவு, 5 அங்குல நீளம், தடிமன் 50 ரிங். வந்து சேர்ந்தது அருமையான சிகார். விரலால் அடியிலிருந்து நுனிவரை அழுத்திப் பார்த்தால் ஒரே சீராக, லேசாக அமுங்கி எழுந்தது. தலையை, அதாவது வாயில் வைக்கும் முனையை வெட்டி, பற்றவைக்காமல் இழுத்தபோது உலர்திராட்சை மணம். பற்றவைத்ததும் முதலில் மிளகுக் காரம் மூக்கில் ஏறியது. கொஞ்ச நேரத்தில் அது தணிந்து வறுத்த காப்பிக்கொட்டை, தேவதாரு மரம், பாதிக்கு மேல் போனதும் இனிப்பில்லாத சாக்லேட். சாம்பல் வெளிர் சாம்பல் நிறத்தில் ஓர் அங்குலத்துக்கு மேல் உதிராமல் நின்றது. நிமிடத்துக்கு ஓர் இழுப்பு, நெஞ்சுக்குள் இறக்காமல் வாயோடு. ஒரு மணி நேரத்துக்கும் மேல், ஒரு தடவைகூட அணையவில்லை. மற்ற மூன்று பேருக்கும் காட்டினேன், நான்கு பேருக்கும் பிடித்தது. மறுநாளே 14,800 ரூபாயை யுபிஐயில் அனுப்பினோம்.

பெட்டி வந்தது. கூரியர் சீட்டில் 'கைவினைப் பொருள்' என்று எழுதியிருந்தது. அனுப்புகிறேன் என்ற பில் உள்ளே இல்லை. சிகாரைச் சுற்றிய காகித வளையம் அச்சு அசலாக அதே, வெளியே சுற்றிய மேலிலையின் நிறமும் அதே. ஆனால் மூடியைத் திறந்ததும் அமோனியா நெடி அடித்தது. சரியாகப் பதப்படாத இலையில் வரும் நெடி அது. கையில் எடுத்தால் கனம் இல்லை. அழுத்தினால் ஓரிடத்தில் கட்டி, அடுத்த இடத்தில் பொக்கு. பற்றவைத்தால் தடையே இல்லாமல் சூடான புகை வந்து நாக்கைச் சுட்டது. ஒரு பக்கம் மட்டும் கடகடவென்று எரிந்து போக, மறுபக்கம் பச்சையாக நின்றது. சாம்பல் சட்டையில் கொட்டியது. வாயில் தூள் வந்தது, துப்பிக்கொண்டே இருந்தேன். சுவை என்று சொல்ல ஒன்றுமில்லை, கசப்பும் காகிதம் எரிந்த வாடையும்தான்.

உடனே செய்தி அனுப்பினேன். "சென்னை ஈரப்பதம்ணா அது. ஹியூமிடர்ல வச்சு ரெஸ்ட் பண்ணுங்க, தானா செட் ஆகும்." ஹியூமிடர் என்றால் சிகாரின் ஈரப்பதம் காக்கும் பெட்டி. சரி என்று 69 சதவீத ஈரப்பதப் பையோடு மூடி வைத்தோம். பிறகு எடுத்த சிகாரும் அதே லட்சணம். திரும்பக் கேட்டபோது, "டேஸ்ட் ஆளுக்கு ஆள் மாறும் சார்." பணம் போகும்வரை அண்ணா, போன பிறகு சார்.

எங்களில் ஒருவர் உறையூர்க்காரர். அவர் தாத்தா காலத்தில் வீட்டிலேயே சுருட்டு சுற்றினார்கள். அவர்தான் கத்தியை எடுத்து ஒரு சிகாரை நீளவாக்கில் பிளந்தார். உள்ளே முழு நீள இலை ஒன்றுகூட இல்லை. நறுக்கல், நரம்பு, தூள். "டேய், இது இலையே இல்லடா. சுத்தி முடிச்சு தரையில கூட்டுன குப்பை" என்றார். நறுக்கல் இலை வைத்துச் சுற்றும் சிகார்களும் உண்டு, அதைச் சொல்லி மலிவாக விற்றால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. இவர் முழு இலை என்று எழுதியே கொடுத்திருக்கிறார், அந்தச் செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது. ஈரம் குறைந்தால் சிகார் வேகமாக எரியும், மேலிலை வெடிக்கும். ஈரம் கூடினால் இழுக்க வராது, அடிக்கடி அணையும். சரி. எந்த ஈரப்பதம் உள்ளே இருக்கும் இலையை நறுக்கும்?

பிளந்த சிகாரின் படத்தை அனுப்பினேன். "அன்பாக்சிங் வீடியோ இருக்கா சார்?" என்றார். பெட்டியைத் திறந்த வீடியோவை அனுப்பினேன். "ஓனர் துபாய்ல இருக்கார், வந்ததும் கேட்டுச் சொல்றேன்." அதுவரை ஓனர் என்று ஒருவர் இருப்பதாகவே அவர் சொன்னதில்லை. அப்புறம், "திறந்த பெட்டிக்கு ரிட்டர்ன் கிடையாது சார், இது புகையிலைப் பொருள்." அப்புறம், அடுத்த பெட்டியில் 10 சதவீதம் குறைத்துத் தருகிறாராம்! 14,800 ரூபாய்க்குக் குப்பையை அனுப்பிவிட்டு அடுத்த பெட்டி பேசுகிறார். போன் செய்தால் எடுப்பதில்லை. புகார் கொடுக்கப்போகிறேன் என்று எழுதியதும் பிளாக்.

நல்ல சிகாரின் காலிப் பெட்டியையும் வளையத்தையும் சேர்த்து வைத்து, மட்டச் சரக்கைத் திணித்து விற்கிறார் என்பது என் ஊகம். சாம்பிள் மட்டும் உண்மையான பெட்டியிலிருந்து வந்திருக்க வேண்டும்.

இனி வாங்குகிறவர்களுக்கு அவசரமாகச் சில வார்த்தைகள், விரிவாக எழுத இப்போது மனம் இல்லை. சாம்பிளை வைத்துப் பெட்டியை முடிவு செய்யாதீர்கள். பெட்டி வந்ததும் முதல் வேலையாக ஒரு சிகாரை நீளவாக்கில் பிளந்து பாருங்கள், அதையும் வீடியோ எடுங்கள். இந்தியாவில் முறைப்படி விற்கும் பெட்டியில் 85 சதவீதம் மறைக்கும் எச்சரிக்கைப் படம், இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எம்ஆர்பி எல்லாம் இருக்க வேண்டும். எங்களுக்கு வந்த பெட்டியில் இதில் ஒன்றுகூட இல்லை. கண்ணாடி மூடி போட்ட கொயிபா (பேர்போன கியூப சிகார்) பெட்டியைக் காட்டினால் பேசாமல் நகர்ந்துவிடுங்கள், அது போலிதான். பணம் போய்விட்டால் காத்திருக்காமல் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். நுகர்வோர் உதவிக்கு 1915.

நாங்கள் இரண்டு எண்ணிலும் புகார் பதிந்திருக்கிறோம், வங்கிக்கும் எழுதியிருக்கிறோம். மீதிச் சிகார்களைப் பெட்டியோடு ஆதாரமாக வைத்திருக்கிறோம். இன்று காலை நண்பரின் போனில் பார்த்தேன். அதே பக்கம், அதே பெட்டியின் படம், விலை அதே 14,800, 'மூன்று பெட்டி மட்டுமே மீதம்' என்று போட்டிருக்கிறார். தயவுசெய்து யாரும் வாங்காதீர்கள்.